ஐஸ் ஹொக்கி பிளேஓஃப் முதல் சுற்றைக் கணிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சித்திரை வருஷப்பிறப்பு முடிந்த கையோடு என்.எச்.எல். என்ற வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்கின் பிளேஓஃப், அதாவது சம்பியனைத் தீர்மானிக்கும் இறுதிக்கட்டச் சுற்றுகள், தொடங்கிவிடும். அந்த வாரத்தில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் உறவுகளுக்குள்ளும் வேலையிடத்திலும் கணிப்புத் தாள் சுற்றும். எட்டுத் தொடர், எட்டு வெற்றியாளர், ஒவ்வொன்றும் எத்தனை ஆட்டத்தில் முடியும் என்று நிரப்பிக் கொடுக்க வேண்டும். புதிதாக வந்தவர்கள், பிள்ளைகளுக்காகப் பார்க்கத் தொடங்கிய தாய்மார், இருபது வருடமாகப் பார்க்கும் மச்சான்மார் என்று எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கேட்டபடியே அவற்றை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

முதல் சுற்று எண்டால் என்ன? எத்தனை ரீம் விளையாடுது?

லீக்கில் 32 அணிகள். அவற்றில் 16 பிளேஓஃபுக்கு வரும். முதல் சுற்றில் எட்டு சோடிகள். ஒவ்வொரு சோடியும் அதிகபட்சம் ஏழு ஆட்டம் ஆடும், முதலில் நான்கு வென்றவர் அடுத்த சுற்றுக்குப் போவார். சம்பியனுக்குக் கிடைக்கும் ஸ்ரான்லி கிண்ணத்துக்கு இப்படி நான்கு சுற்று தாண்ட வேண்டும்.

ஆர் ஆரோட மோதுறது எண்டு எப்பிடித் தீர்மானிக்கிறாங்கள்?

லீக் கிழக்கு, மேற்கு என்று இரண்டு பாதி. ஒவ்வொரு பாதியிலும் இரண்டு பிரிவு. 2013-14 பருவத்திலிருந்து இருக்கும் முறைப்படி ஒவ்வொரு பிரிவிலும் முதல் மூன்று இடத்தவர் நேரே உள்ளே வருவார்கள். மிச்ச இரண்டு இடம் அந்தப் பாதியில் அடுத்த கூடுதல் புள்ளி எடுத்த இரண்டு அணிகளுக்கு. அவற்றைத்தான் வைல்ட் கார்ட் என்கிறோம். பிரிவில் முதலாவதாக வந்தவர் ஒரு வைல்ட் கார்ட்டை எதிர்கொள்வார், இரண்டாவதும் மூன்றாவதும் தங்களுக்குள் மோதும்.

கணிப்பவர் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு பிரிவு மிகப் பலமாக இருந்தால் அதன் இரண்டாம், மூன்றாம் இடத்து அணிகள் லீக்கிலேயே மிகச் சிறந்த ஐந்தாறில் இரண்டாக இருக்கலாம். அவற்றில் ஒன்று முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போகும். 2025இல் டலஸும் கொலராடோவும் அப்படித்தான் மோதின. ஏழாவது ஆட்டத்தின் மூன்றாம், அதாவது கடைசி, பகுதியில் மிக்கோ ரன்ரனென் தன் பழைய அணியான கொலராடோவுக்கு எதிராக மூன்று கோல் அடித்து டலஸைக் கரைசேர்த்தார். அந்தத் தொடரைப் பிழையாகக் கணித்த எவரிடமும் நான் குறை காணமாட்டேன்.

பட்டியலில கூடப் புள்ளி எடுத்த ரீமைத் தெரிவு செய்தால் போதும்தானே?

போதாது. 2022-23இல் பொஸ்ரன் புருயின்ஸ் 65 வெற்றி, 135 புள்ளி எடுத்தது. இரண்டுமே லீக் சாதனை. முதல் சுற்றில் வந்தது 92 புள்ளி எடுத்த புளோரிடா பந்தர்ஸ். தொடரில் பொஸ்ரன் 3-1 முன்னிலை பெற்றிருந்தது. ஏழாவது ஆட்டத்திலும் கடைசி நிமிடம்வரை முன்னே நின்றது. பிரண்டன் மொன்ரூர் சமன் செய்தார், ஓவர்ரைமில் (சமநிலையை முடிக்க ஆடும் மேலதிக நேரத்தில்) கார்ட்டர் வெர்ஹேகி முடித்துவைத்தார். 43 புள்ளி வித்தியாசம் ஒரு உதவியும் செய்யவில்லை.

2019 இன்னும் கடுமை. 62 வெற்றி, 128 புள்ளியோடு வந்த தம்பா பே லைற்னிங்கைக் கொலம்பஸ் 4-0 என்று வெளியேற்றியது. அதே வசந்தத்தில் வொஷிங்ரன், நாஷ்வில், கல்கரியும் தோற்றன. நான்கு பிரிவு வெற்றியாளரும் முதல் சுற்றிலேயே போனார்கள், வென்ற நால்வரும் வைல்ட் கார்ட்டுகள்.

புள்ளி ஏமாற்றுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வென்றால் 2 புள்ளி. ஓவர்ரைமிலோ ஷூட்அவுட்டிலோ (வீரர்கள் ஒவ்வொருவராகக் கோல் காப்பவரோடு தனியே மோதுவது) தோற்றாலும் 1 புள்ளி கிடைக்கும். நெருக்கமான ஆட்டங்களைச் சமநிலையில் இழுத்துப் புள்ளி சேர்த்த அணி பட்டியலில் உயரமாகத் தெரியும். அதனால் நான் முதலில் பார்ப்பது 60 நிமிடத்துக்குள் வென்ற ஆட்டங்களின் எண்ணிக்கையையும், அடித்த கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள வித்தியாசத்தையும்.

சாதாரணப் பருவத்துக்கும் பிளேஓஃபுக்கும் அப்பிடி என்ன வித்தியாசம்?

சாதாரணப் பருவத்தில் சமநிலை வந்தால் மூன்று பேருக்கு மூன்று பேர் என்று ஐந்து நிமிடம், பிறகு ஷூட்அவுட். பிளேஓஃபில் அது இல்லை. ஐந்து பேருக்கு ஐந்து பேர், 20 நிமிடப் பகுதிகள், எவராவது கோல் அடிக்கும்வரை. 2020 ஓகஸ்ட்டில், கோவிட் காலத்தில் ரொறன்ரோவில் நடந்த தம்பா பே - கொலம்பஸ் முதல் ஆட்டம் ஐந்தாவது ஓவர்ரைம்வரை போனது. கொலம்பஸ் கோலி (கோல் காப்பவர்) யூனஸ் கொர்பிசாலோ 85 தடுப்புகள் செய்து சாதனை படைத்தும் தோற்றார்.

இரண்டாவது வித்தியாசம், ஒரே எதிரியைத் திரும்பத் திரும்பச் சந்திப்பது. சாதாரணப் பருவத்தில் இன்றைக்கு ஒருவர், நாளன்றைக்கு வேறொருவர். எதிரியை ஆராய நேரமில்லை. பிளேஓஃபில் இரண்டு வாரம் ஒருவரையே பார்க்கிறார்கள். பவர் பிளேயில் (எதிரணியில் ஒருவர் தண்டனையில் வெளியே இருக்கும்போது) பக், அதாவது ஆடும் வட்டு, எந்த வழியாகப் போகிறது, எந்தப் பின்வரிசை வீரர் அழுத்தம் கொடுத்தால் தடுமாறுகிறார் என்பதெல்லாம் மூன்றாவது ஆட்டத்துக்குள் வெளிச்சமாகிவிடும். ஒரே ஒரு தாக்குதல் வரிசையை (சேர்ந்து இறங்கும் மூன்று பேரை) நம்பியிருக்கும் அணிக்கு இது ஆபத்து. மூன்று வரிசையிலிருந்தும் கோல் வரும் அணியை நான் கொஞ்சம் உயர்த்தியே மதிப்பிடுவேன்.

நல்ல ரீம் எண்டால் ஏன் தோக்குது? கூடைப்பந்தில இப்பிடி நடக்கிறதில்லையே.

ஒரு அணி ஒரு ஆட்டத்தில் ஏறக்குறைய 30 தடவை கோலை நோக்கி அடிக்கும், மூன்று உள்ளே போகும். அந்த மூன்றில் ஒன்று எவருடையோ சறுக்குக்கட்டையில் பட்டுத் திரும்பியதாக இருக்கும். கோல் குறைந்த விளையாட்டில் ஒரு தெறிப்பு ஆட்டத்தையே மாற்றும். கூடைப்பந்தில் நூறு புள்ளிக்கு மேல் விழுவதால் அதிர்ஷ்டம் தன்னைத்தானே சமன்செய்துவிடும். அங்கே மிகச் சிறந்த வீரர் ஏறக்குறைய ஆட்டம் முழுதும் களத்தில் நிற்கிறார். ஹொக்கியில் கொனர் மக்டேவிட் போன்றவரும் 60 நிமிடத்தில் 22, 23 நிமிடம்தான் ஐஸில் இருப்பார்.

இதைக் கணக்காகப் பார்த்தால் தெளிவாகும். ஒவ்வொரு ஆட்டத்திலும் வெல்ல 55 வீத வாய்ப்புள்ள அணி ஏழாட்டத் தொடரை வெல்லும் வாய்ப்பு 61 வீதம்தான். ஆட்டத்துக்கு 60 வீதம் என்றால் தொடருக்கு 71. ஹொக்கியில் பிளேஓஃபுக்கு வந்த இரு அணிகளுக்கிடையே 60 வீதம் என்பதே பெரிய இடைவெளி. அப்படிப்பட்ட பலமான அணியும் பத்துத் தொடரில் மூன்றை இழக்கும். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்திருங்கள், கீழே பல இடங்களில் தேவைப்படும்.

கோலிதான் எல்லாம் எண்டு சொல்லுறாங்கள். உண்மையோ?

முதல் சுற்று அதிர்ச்சிகளின் பட்டியலை எடுத்தால் பாதிக்கு மேல் ஒரு கோலியின் பெயரோடுதான் இருக்கும். 2003இல் நடப்புச் சம்பியன் டிற்றொயிற்றை அனஹெய்ம் 4-0 என்று வென்றது. முதல் ஆட்டத்திலேயே ஷான் செபஸ்ரியன் ஷிகேர் 63 தடுப்புகள். 2010இல் 121 புள்ளி எடுத்த வொஷிங்ரன் 3-1 முன்னிலையில் இருந்தபோது மொன்றியலின் யாரொஸ்லாவ் ஹலாக் ஆறாவது ஆட்டத்தில் 54 அடிகளில் 53ஐத் தடுத்தார். மொன்றியல் ஏழாவதையும் வென்றது. 60 நிமிடமும் ஐஸில் நிற்பவர் கோலி ஒருவர்தான், அதனால் அவர் வழியாக ஒரு தொடர் தலைகீழாகலாம்.

ஆனால் "கோலி முக்கியம்" என்பதும் "எந்தக் கோலி நன்றாக ஆடுவார் என்று முன்கூட்டியே தெரியும்" என்பதும் வேறுவேறு. 2025இல் வினிபெக்கின் கொனர் ஹெலெபக் சிறந்த கோலிக்கான விருதையும் லீக்கின் மிகப் பெறுமதியான வீரருக்கான விருதையும் எடுத்தவர். சென்ற் லூயிஸுக்கு எதிரான முதல் சுற்றில் வெளியூரில் ஆடிய மூன்று ஆட்டத்திலும் அவரை நடுவில் வெளியே எடுத்தார்கள். ஒரு கோலியின் கடைசிப் பத்து ஆட்டத்தை வைத்து முடிவெடுப்பது என் அனுபவத்தில் பெரும்பாலும் பிழைக்கிறது. இரண்டு மூன்று பருவத்தின் தடுப்பு வீதத்தைப் பாருங்கள், அதற்கு மேல் அங்கே கிடைக்க ஒன்றுமில்லை.

சொந்த ஐஸில விளையாடுறது எவ்வளவு உதவும்?

மேலிடத்தில் முடித்த அணிக்கு 1, 2, 5, 7ஆம் ஆட்டங்கள் சொந்த அரங்கில். கூட்டத்தின் சத்தத்தை எல்லோரும் சொல்வார்கள். அதைவிட உறுதியான நன்மை ஒன்று விதியிலேயே இருக்கிறது. ஆட்டம் நின்று தொடங்கும்போது வீரர்களைக் கடைசியாக மாற்றும் உரிமை சொந்த அணிக்கு. எதிரி எந்த வரிசையை இறக்குகிறார் என்று பார்த்துவிட்டுத் தன் சிறந்த தடுப்பு வரிசையை எதிரே நிறுத்தலாம்.

மேலே சொன்ன வினிபெக் - சென்ற் லூயிஸ் தொடரில் ஏழு ஆட்டத்தையும் சொந்த அணியே வென்றது. ஏழாவதில் வினிபெக் ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாதபோது 3-1 என்று பின்னே நின்றது. கடைசி மூன்று விநாடிக்குள் பேர்பெற்றி என்ற வீரர் சமன் செய்தார், இரண்டாவது ஓவர்ரைமில் அடம் லௌரி வென்று கொடுத்தார். அதற்காக இதை ஒரு சட்டமாக எடுக்க வேண்டாம். அதே வருடம் லொஸ் ஏஞ்சலஸ் சொந்த அரங்க உரிமையோடு ஆடியும் எட்மன்ரனிடம் ஆறு ஆட்டத்தில் தோற்றது. 2022 முதல் தொடர்ந்து நான்கு வருடம் முதல் சுற்றில் அதே எதிரியிடம் தோல்வி. இரு அணியும் சமம் என்று படும்போது மட்டும் சொந்த அரங்கை வைத்து முடிவெடுங்கள்.

அப்ப எந்த எண்ணைத்தான் பாக்கிறது?

ஐந்துக்கு ஐந்து ஆடும்போது இரு அணியும் அடித்த மொத்த அடிகளில் இந்த அணியின் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். இதைக் கோர்சி என்பார்கள், பஃபலோவின் முன்னாள் கோலிப் பயிற்சியாளர் ஜிம் கோர்சியின் பெயர். அதைவிடச் சிறந்தது எதிர்பார்ப்புக் கோல் என்ற அளவு. எங்கிருந்து, எந்தக் கோணத்தில், எப்படி அடித்தார்கள் என்று பார்த்து ஒவ்வொரு அடிக்கும் ஒரு வாய்ப்பு மதிப்புக் கொடுப்பது. பாதிக்கு மேல் பங்கு வைத்திருக்கும் அணி பக்கைத் தன் வசம் வைத்திருக்கிறது, இது வாரத்துக்கு வாரம் அவ்வளவாக மாறாத குணம்.

மற்றது பி.டி.ஓ. அணி அடித்தவற்றில் கோலான வீதத்தையும் கோலியின் தடுப்பு வீதத்தையும் கூட்டினால் வருவது. லீக் சராசரி 100. ஒரு அணி 102க்கு மேல் நின்றால் அதன் வெற்றிகளில் அதிர்ஷ்டம் கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். 2013-14இல் கொலராடோ 112 புள்ளியோடு பிரிவில் முதலாவது வந்தது. அடிப் பங்கில் பாதிக்குக் கீழே நின்ற அணி அது, தூக்கி நிறுத்தியவர் கோலி வர்லாமோவ். முதல் சுற்றில் மினசோட்டா ஏழாவது ஆட்டத்தில் வெளியேற்றியது.

எதிர்ப்பக்க உதாரணம் 2012இன் லொஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ். 95 புள்ளியோடு மேற்கில் எட்டாவது, அதாவது கடைசி, இடத்தில் நுழைந்த அணி. டிசம்பரில் பயிற்சியாளராக டரில் சட்டர் வந்திருந்தார், பெப்ரவரியில் ஜெஃப் கார்ட்டரை வாங்கியிருந்தார்கள். அதற்குப் பிறகான ஆட்டங்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் அது எட்டாவது அணி அல்ல. முதலிடத்து வன்கூவரை ஐந்து ஆட்டத்தில் முடித்து, கிண்ணத்தையும் எடுத்தது. ஆகவே முழுப் பருவத்தின் எண்ணையும் கடைசி 25 ஆட்டத்தின் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் வேறுபட்டால் ஏன் என்று தேடுங்கள். வீரர் வந்தது, போனது, காயம் என்று காரணம் கிடைத்தால் புதிய எண்ணை நம்பலாம். காரணம் கிடைக்காவிட்டால் பழையதையே.

காயம் பற்றின செய்தியை நம்பலாமோ?

அணிகள் "மேலுடல் காயம்", "கீழுடல் காயம்" என்பதற்கு மேல் வாய் திறக்காது. எங்கே காயம் என்று தெரிந்தால் எதிரி அங்கேயே மோதுவான் என்ற பயம். அறிக்கையை விடுங்கள், பருவத்தின் கடைசி வாரத்தில் யார் எத்தனை நிமிடம் ஆடினார் என்று பாருங்கள்.

நீண்ட காயத்திலிருந்து திரும்புபவர்களையும் மறக்கவேண்டாம். நிக்கிற்றா குச்செரொவ் 2020-21 பருவம் முழுதும் ஆடவில்லை. முதல் சுற்றின் முதல் ஆட்டத்தில் இறங்கினார். அந்தப் பிளேஓஃபில் 32 புள்ளி (அடித்த கோலும் மற்றவர் கோலுக்குக் கொடுத்த உதவியும் சேர்த்து) எடுத்து எல்லோருக்கும் மேலே நின்றார், தம்பா பே கிண்ணம் எடுத்தது. அப்போது பிளேஓஃபில் சம்பள உச்சவரம்பு (ஒரு அணி வீரர்களுக்குக் கொடுக்கக்கூடிய மொத்தச் சம்பளத்தின் எல்லை) இல்லாததால் அது இலகுவாக முடிந்தது. 2025-26 பருவத்திலிருந்து பிளேஓஃபில் இறங்கும் வீரர்களுக்கும் வரம்பு வந்துவிட்டதால் இந்த வழி இப்போது குறுகிவிட்டது.

புக்கிகள் போடுற விலையைப் பாத்துக் கணிக்கிறது கள்ளவேலையோ?

இல்லை, கிடைக்கும் தகவல்களில் மிக நல்லது அதுதான். புக்கிகள் பந்தயம் பிடிப்பவர்கள், தவறாகக் கணித்தால் தங்கள் பணத்தை இழப்பவர்கள் போடும் எண் அது. ஒரு அணிக்கு 1.60, மற்றதுக்கு 2.40 என்று விலை (வென்றால் கட்டிய ஒரு டொலருக்குத் திரும்பி வருவது) இருந்தால் ஒன்றை விலையால் பிரியுங்கள். 62.5 வீதம், 41.7 வீதம் வரும். கூட்டினால் 104க்குச் சற்று மேல். மேலதிகமான நாலு அவர்களின் லாபம். அதைச் சமன் செய்தால் 60க்கு 40. நீங்கள் 75 வீதம் என்று நினைத்த தொடரை அவர்கள் 60 என்று வைத்திருந்தால் நீங்கள் எதையோ கவனிக்கவில்லை என்று எடுத்துக்கொள்வதே நல்லது.

காசு கட்டுவதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒன்று. ஒன்ராறியோவில் 2022 ஏப்ரலிலிருந்து தனியார் இணையப் பந்தயம் சட்டபூர்வம், விளம்பரம் கண்ணில் படாத ஆட்டமே இல்லை. ஆனால் அந்த நாலு வீதம் ஒவ்வொரு தடவையும் உங்கள் பக்கத்திலிருந்து போகிறது. நான் கட்டுவதில்லை, பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.

எத்தனை ஆட்டத்தில முடியும் எண்டு என்னத்தைப் போடுறது?

சந்தேகம் என்றால் ஆறு. ஆட்டத்துக்கு 55 வீத அணி நான்கில் வெல்ல 9 வீதம், ஐந்தில் 16, ஆறில் 19, ஏழில் 17. அணி 60 வீதம் என்றால் ஐந்துக்கும் ஆறுக்கும் ஒரே வாய்ப்பு, இரண்டும் 21. "நாலில முடிச்சிடுவாங்கள்" என்று போடுவது பார்க்க வீரமாக இருக்கும், ஆனால் அப்படிப் போட அணி மிக மிகப் பலமாக இருக்க வேண்டும்.

முதல் ஆட்டத்தில தோத்தவுடனே எல்லாரும் மனசு மாறுறாங்கள். மாறலாமோ?

61 வீதம் என்று நினைத்த அணி முதல் ஆட்டத்தை இழந்தால் வாய்ப்பு 44 ஆகிறது. 71 என்று நினைத்த அணி இழந்தால் 54, இன்னும் அதுதான் முன்னே. ஆகவே மாறுவதா என்பது முதலில் எவ்வளவு உறுதியாக இருந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆட்டத்தைப் பார்த்தீர்களா, கோல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தீர்களா என்பதும் முக்கியம். அடிகளில் ஆளப்பட்டுத் தோற்றது வேறு, ஆண்டுகொண்டே ஒரு தெறிப்பில் தோற்றது வேறு.

0-3 என்றால் கதை வேறு. லீக் வரலாற்றில் அங்கிருந்து மீண்டவை நான்கே அணிகள்: 1942 ரொறன்ரோ, 1975 நியூயோர்க் ஐலண்டர்ஸ், 2010 பிலடெல்பியா, 2014 லொஸ் ஏஞ்சலஸ். முதல் சுற்றில் நடந்தது கடைசி மட்டும்தான், சான் ஹொசேக்கு எதிராக.

லீஃப்ஸை என்ன செய்யிறது அண்ணை?

இதைக் கேட்கும்போது எல்லோரின் குரலும் மாறிவிடும், எனக்கும் அப்படித்தான். எங்கள் ஊர் அணியான ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸுக்கு 1967க்குப் பிறகு கிண்ணம் இல்லை. 2004க்குப் பிறகு 2023வரை ஒரு தொடர்கூட வெல்லவில்லை. 2013இல் பொஸ்ரனுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தின் மூன்றாம் பகுதியில் 4-1 என்று முன்னே நின்று 5-4 என்று தோற்றதை நேரே பார்த்த ஒரு தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகள் இங்கே வளர்ந்திருக்கிறார்கள். 2021இல் மொன்றியலுக்கு எதிராக 3-1 முன்னிலையும் போனது. 2023இல் தம்பாவில் ஜோன் ரவாரெஸ் ஓவர்ரைம் கோல் அடித்த இரவு ரொறன்ரோத் தெருவெல்லாம் கார் ஹோர்ன் சத்தம்.

கணிப்பில் சாபம் என்று ஒன்றுக்கும் இடமில்லை. மேலே சொன்ன 61 வீத அணி ஐந்து தொடரைத் தொடர்ந்து இழக்க ஏறக்குறைய 1 வீத வாய்ப்பு. அரிது, ஆனால் 32 அணிகள் உள்ள லீக்கில் எவருக்கோ நடக்கும். பழைய தோல்விகளை வைத்து லீஃப்ஸுக்கு எதிராகப் போடவும் வேண்டாம், பாசத்தை வைத்து ஆதரவாகப் போடவும் வேண்டாம். மற்ற ஏழு தொடருக்கும் எழுதுவதுபோலவே இதற்கும் வீதத்தை எழுதுங்கள். என்னால் முடியாத வருடங்களில் அந்த ஒரு தொடரை மச்சானிடம் கொடுத்து எழுதச்சொல்வேன். அவர் மொன்றியல் ஆள், ஆனால் நேர்மையானவர்.

எட்டையும் சரியாச் சொல்ல ஏலுமோ?

எட்டுத் தொடரிலும் 61 வீத அணியைத் தெரிவு செய்தால் எல்லாம் சரிவர 50இல் ஒன்றைவிடச் சற்றுக் குறைவான வாய்ப்பு. எட்டும் 71 என்றால் 15இல் ஒன்று. ஐந்து சரியென்றால் அது சராசரிக் கணிப்பு, ஆறு நல்லது.

வேலையிடத்தில அறுபது பேர் போடுறாங்கள். எல்லாரும் எடுக்கிற ரீமையே நானும் எடுத்தால் எப்பிடி வெல்லுறது?

இது நல்ல கேள்வி, பதில் ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. வீட்டில் ஆறு பேர் என்றால் எல்லாத் தொடரிலும் பலமான பக்கத்தை எடுங்கள், மற்றவர்கள் தாங்களாகவே பிழைவிடுவார்கள். அறுபது பேர் என்றால் அப்படி எடுத்தவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். ஒன்றிரண்டு இடத்தில் விலகவேண்டும். விலகுவதற்கு 71க்கு 29 தொடரைத் தேடாதீர்கள். 52க்கு 48 என்று இருக்கும் தொடரில் கூட்டம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் மற்றப் பக்கத்தை எடுங்கள். அங்கே இழப்பது மிகக் கொஞ்சம், சரிவந்தால் ஒரேயடியாக நாற்பது பேரைத் தாண்டலாம். ரொறன்ரோவில் கூட்டம் எந்தத் தொடரில் சாயும் என்று சொல்லத் தேவையில்லை.

பிழைச்சுப்போனால் அடுத்த வருஷம் என்னத்தை மாத்துறது?

வெறும் பெயரை எழுதினால் மாற்ற ஒன்றும் கிடைக்காது. ஒவ்வொரு தொடருக்கும் பக்கத்தில் வீதத்தை எழுதிவையுங்கள். 60 என்று எழுதிய தொடர்களில் பத்தில் ஆறு சரிவந்தால் உங்கள் கணிப்பு சரியாகத்தான் வேலை செய்கிறது, தோற்ற நான்கையும் சேர்த்து. பத்தில் எட்டு வந்தால் தேவைக்கு மேல் பயந்திருக்கிறீர்கள். பத்தில் நாலு என்றால் எந்த எண்ணை நம்பினீர்கள் என்று திரும்பிப் பார்க்கவேண்டும். வருடத்துக்கு எட்டுத் தொடர்தான் என்பதால் நாற்பது சேர ஐந்து வருடம் எடுக்கும். அதுவரை கொப்பியைத் தொலைக்காமல் வையுங்கள்.